டிக்கியை இழக்காமல் காருக்கு சப்வூபர்

கேள்வி: என்னிடம் கொரோலா 141 இருக்கிறது. பாட்டுக் கேட்கும்போது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை. திருகோணமலை நகரில் ஒரு கடையில் விசாரித்தேன். டிக்கிக்குள் பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூபரை 12 அங்குல அளவில் பெட்டியோடு வைக்கலாம் என்றார்கள். மனைவி தைக்கும் பாடசாலைச் சீருடைகளை மூதூருக்கும் தம்பலகாமத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்க எங்களுக்கு டிக்கி முழுவதும் வேண்டும். அதைச் சொன்னதும், ஸ்பெயார் வீலை எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள், அந்தப் பள்ளத்துக்குள் பெட்டி அடித்து 1,200 வாட்ஸ் சப்வூபர் பூட்டித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
- உப்புவெளி வாசகர்

பதில்: ஸ்பெயார் வீலை மட்டும் எடுக்காதீர்கள். கொழும்புக்குப் போக ஹபரணை வீதியைத்தான் பிடிப்பீர்கள். கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரைக்கும் 40 கிலோமீற்றருக்கு மேல் காட்டுப் பாதை, யானை நடமாடும் இடம். இரவில் அங்கே டயர் வெடித்தால் வீட்டில் சாத்தி வைத்திருக்கும் வீல் எதற்கு உதவும்? பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்வதே பிழை.

டிக்கியை இழக்கவும் தேவையில்லை. சுமார் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே (செக்கனுக்கு 80 அதிர்வுக்குக் குறைவாக) உள்ள தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நமது காதால் பிரித்தறிய முடியாது. அதனால் சப்வூபர் எந்த மூலையில் இருந்தாலும் பேஸ் முன்னாலிருந்து வருவது போலத்தான் கேட்கும். காரின் உட்புறம் சிறிய, மூடிய இடம் என்பதால் தாழ்ந்த ஒலி அங்கே தானாகவே பெருக்கமும் பெறும். வீட்டு ஹோலுக்குத் தேவையான அளவு பெரிய சாமான் காருக்கு வேண்டியதில்லை. டிக்கியைத் தின்பது சப்வூபர் அல்ல, அதன் பெட்டிதான். துளை வைத்த 12 அங்குலப் பெட்டிக்கு 50 லீற்றருக்கு மேல் உள்ளிடம் வேண்டும். மூடிய 10 அங்குலப் பெட்டிக்கு அதில் பாதி போதும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது சீற்றுக்குக் கீழே வைக்கும் வகை. அம்பிளிபயரும் உள்ளேயே இருக்கும் தட்டையான பெட்டி அது. பயனியரிலும் கென்வூட்டிலும் 28 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், 7 உயரம் என்ற கணக்கில் கிடைக்கிறது. ஜேபிஎல்லில் 8 அங்குல வூபரோடு சற்றுப் பெரிய ஒன்று உண்டு. நெஞ்சு அதிராது. ஆனால் தவில் அடியும் மிருதங்கத்தின் இடந்தலையும் இப்போது கேட்காமல் போகிறதே, அது கேட்கும். பெரும்பாலான வகைகளுக்கு ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் கொடுக்கலாம். ஆகவே இருக்கிற செட்டை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

வாங்க முன்னர் சீற்றின் கீழே அளந்து பாருங்கள். ஒருவரைச் சீற்றில் இருத்தி, சீற்றை முன்னும் பின்னும் தள்ளி, ஆகக் குறைந்த இடைவெளி எவ்வளவு என்று எடுக்க வேண்டும். அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது எயார்பேக் வயர். எவரும் கழற்றக் கூடாது. இன்னொன்று, நாங்கள் நிலாவெளியில் குளித்துவிட்டு ஈர மணலோடு ஏறுகிற ஆட்கள். மாரியில் கால்விரிப்பு காய்வதே இல்லை. பெட்டியை நேரே தரையில் வைக்காமல் அரை அங்குல இறப்பர்க் கட்டைகள் மேல் உயர்த்திப் பூட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாதவர்களின் பெட்டிக்குள் இரண்டாவது மாரியிலேயே துரு பிடித்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் அதிர்வு வேண்டுமென்றால் ஸ்பெயார் வீலின் குழிக்குள்ளேயே உட்காரும் வட்ட வடிவ சப்வூபர் இருக்கிறது. ஜேபிஎல் செய்வது 11 அங்குலம், தொடர்ந்து தரக்கூடிய அளவு (ஆர்.எம்.எஸ்.) 200 வாட்ஸ். வீல் தன் இடத்திலேயே இருக்கும், அதன் நடுவில் நீண்ட போல்ற்றால் இறுக்குவார்கள். மேலே டிக்கி விரிப்பு வழமைபோல மூடும். டயர் மாற்ற வேண்டி வந்தால் ஒரு வயரைக் கழற்றித் தூக்கி வைத்தால் சரி. வீல் குழிப்பக்கம் மேலே பார்க்கும்படி கிடக்க வேண்டும் என்பதால் காரோடு போய் வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டை வெட்டிப் பூட்டும் வேலைக்கு நான் உடன்படமாட்டேன். வெட்டிய தகரம் திரும்ப வராது, விற்கும்போது விலையும் விழும்.

அந்த 1,200 வாட்ஸைப் பற்றி. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு கணம் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் நம்ப மனமில்லையென்றால் அம்பிளிபயரின் பியூஸைப் பாருங்கள். 20 அம்பியர் என்றால், என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ற்றால் பெருக்கினால் 280 வாட்ஸ். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான், ஒலியாக வெளியே வருவது அதைவிடக் குறைவு. 20 அம்பியர் பியூஸ் போட்ட பெட்டி 1,200 வாட்ஸ் தருமென்றால் மீதி மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கடையிலேயே கேளுங்கள்.

காசைக் கூட்டிச் செலவழிக்க வேண்டிய இடம் வயர். மலிவான வயர் பல செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் கடத்தும் மின்சாரம் செம்பினதில் ஏறக்குறைய 60 வீதம்தான். எங்கள் கடற்காற்றில் அது வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிரும். என் சொந்தக் காரில் இப்படித்தான் நடந்தது. இரண்டு வருடத்தில் எர்த் வயர் கையோடு வந்துவிட்டது, பழுது அம்பிளிபயரில் என்று சொல்லி அதற்கிடையில் அதை இரண்டு தடவை கழற்றிப் பூட்டினார்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். பிரதான பியூஸ் பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மற்றப் பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர் கீச்சிடும். எர்த் பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பாருங்கள். அந்த வயதுக் காரில் கடதாசிக் கூம்பு ஈரத்தில் இற்றுப் போயிருக்கலாம். அப்படியென்றால் நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடியே உங்கள் குறையில் பாதியைத் தீர்த்துவிடும்.

கேள்வி: என்னுடையது டொயோட்டா அக்குவா. பின்சீற்றுக்குக் கீழே சப்வூபர் பூட்டலாம் என்கிறார் நண்பர். சரியா?
- கிண்ணியா வாசகர்

பதில்: பின்சீற்றுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஹைபிரிட் பற்றரி இருப்பது அங்கேதான். அதைக் குளிர்விக்கும் காற்று உள்ளே போகும் துவாரமும் பின்சீற் ஓரத்தில்தான் இருக்கிறது. அது அடைபட்டால் பற்றரி சூடாகிக் கெடும், அந்தச் செலவுக்கு முன்னால் சப்வூபர் விலை ஒன்றுமேயில்லை. ஆரஞ்சு நிற வயரை எவரும் தொடக் கூடாது. முன்சீற்றின் கீழே சிறிய வகையைப் பூட்டுங்கள். 12 வோல்ற் பற்றரியும் பின்பக்கமே இருப்பதால் பவர் வயரை என்ஜின் பக்கமிருந்து இழுக்க வேண்டியதில்லை.

கேள்வி: போன மாதம் வாங்கிய சப்வூபர் நின்றுவிட்டது. பூட்டியதில் பிழை, சாமானில் இல்லை என்கிறது கடை. பூட்டியதும் அவர்கள்தான். பில் தரவில்லை.
- சீனன்குடா வாசகர்

பதில்: நீங்கள் கேட்டால் பில் தரவேண்டியது அவர்கள் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. போய்க் கேளுங்கள், சாமானின் தொடர் இலக்கத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். விற்றவரும் பூட்டியவரும் ஒருவரே என்றால் பிழை எதில் இருந்தாலும் கேட்க வேண்டியது அவரிடம்தான். மறுத்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்திலும் முறையிடுங்கள். வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், இந்த வாரமே எழுதுங்கள். சாமானை மட்டும் வேறெந்தக் கடையிலும் கொடுத்துத் திறந்துவிடாதீர்கள்.