எந்த மூலையில் காய்ந்தாலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்மேட்டுப் புல்வெளி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அங்குள்ள செர்ரி கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) இணையத்தில் தேடினேன். அங்கே யார் யாருக்கு அரசு எவ்வளவு கொடுத்தது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் மாட்டுப்பண்ணைக்காரர்களுக்கு எதற்கு மானியம்? அரசு தள்ளி நிற்கவேண்டும் என்று பேசுகிறவர்களும் அவர்கள்தானே?

செ., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள செ.,

அந்தப் பட்டியலில் நானும் ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன். பெயருக்கு நேரே தொகை இருந்தால் கண் வேறெங்கும் போகாது, ஊர்வம்பு மாதிரி. ஆனால் எந்தத் திட்டம், எந்த வருஷம் என்று பார்க்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

செர்ரியில் மக்காச்சோளம் குறைவு, புல்தான் எல்லாம். அதனால் முக்கியமாகப் பார்க்கவேண்டியது 2008 வேளாண் சட்டத்தில் வந்த மேய்ச்சல் வறட்சி நிவாரணம். எங்கே எவ்வளவு வறட்சி என்று நிறத்தால் காட்டும் அமெரிக்க வறட்சி வரைபடம் வியாழன்தோறும் வெளியாகும். 2014 சட்டத்தின் கணக்குப்படி, 2025-இல் திருத்தும் வரை, மேய்ச்சல் பருவத்தில் கவுண்டி தொடர்ந்து எட்டு வாரம் ‘கடும் வறட்சி’ நிறத்தில் இருந்தால், ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் கிடைத்தது. நிறம் இன்னும் அடர்ந்தால் மூன்று, நான்கு, ஐந்து மாதங்களுக்குக்கூட. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்தான் உச்சவரம்பு. புல் போய்விட்டது என்று பண்ணைக்காரர் எழுதிக் கொடுப்பார். மற்றபடி வரைபடமே சாட்சி.

எனக்கு உறுத்துவது இங்கேதான். கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதியில் அந்த நிறம் இருந்தாலே கவுண்டி முழுதும் தகுதி பெற்றுவிடும். செர்ரி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. கிழக்கு மேற்காக 150 கிலோமீட்டர், உள்ளேயே இரண்டு நேர மண்டலம்! மேற்கு மூலை காய்ந்தால் கிழக்கே முழங்கால் அளவு புல் நிற்கும் பண்ணைக்காரரும் விண்ணப்பிக்க வழியுண்டு. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னக் கவுண்டியில் இருப்பவர் வேலி மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே மழை, அதே புல்.

பண்ணைக்காரர்கள் பக்கமும் சொல்லவேண்டும். 2011 செப்டம்பரோடு இந்தத் திட்டம் காலாவதியானது. அடுத்த வருஷமே பெரும் வறட்சி. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் தாய்மாடுகளையே விற்றார்கள். 2014-இல் புதுச் சட்டம் வந்து, விட்டுப்போன காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. அப்போது மாட்டு விலை உச்சத்தில். மாடுதான் இல்லை. பட்டியலில் 2014 பருத்துத் தெரிந்தால் அதில் பழைய பாக்கியும் இருக்கிறது என்று கொள்ளுங்கள். உதவியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அளக்கிற கோல்தான் சரியில்லை.

அப்புறம், மானியம் என்ற உங்கள் சொல். வரியில்லாமல் விட்டுக்கொடுத்த நிலத்துக்கும் நம்மவர்கள் அதே பெயர்தான் வைத்திருந்தார்கள். இங்கே அதுவும் பொருந்துகிறது. 1904-இல் கின்கெய்டு சட்டம் மேற்கு நெப்ராஸ்காவில் குடியேறியவர்களுக்கு ஆளுக்கு 640 ஏக்கர் வரை இலவசமாகக் கொடுத்தது. லகோட்டா பழங்குடி மக்களிடமிருந்து எடுத்த பூமி அது. அவர்களுடைய ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலங்கள் இன்றும் செர்ரிக்கு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மணலில் 640 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. பலர் விற்றுவிட்டுப் போனார்கள், வாங்கியவர்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்கள். நீங்கள் கேட்ட ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு பகுதி அப்படிச் சேர்ந்ததுதான்.

அன்புடன்,
ரா.