மறு: எல்எஸ்டி போட்ட பிறகு பின்பக்கம் டக்டக் சத்தம்

நண்பரே, மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்ல கிளட்ச் பிளேட் வகை எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல், அதாவது ரெண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃப்ல ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம தடுக்கிற வகை) போட்டதும் பார்க்கிங்ல திருப்பும்போது அதிருது, புது டிஃப் போச்சான்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் போகலை. மெதுவா திரும்பும்போது பிளேட்டுகள் பிடிச்சுப் பிடிச்சு விடுற சத்தம் அது. முதல்ல ஆயிலைப் பாருங்க: ஜிஎல்-5ங்கிற கியர் ஆயில் தரத்துல எல்எஸ்டிக்குன்னே வர்றதுதானா? இல்லைன்னா வடிச்சிட்டு மாத்துங்க. அப்புறம் காலி மைதானத்துல மெதுவா எட்டு போட்டுப் பிளேட்டைப் பழக்கி, திரும்பவும் ஆயில் மாத்தணும். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. வடிச்ச ஆயில்ல மாவு மாதிரி துகள் இருந்தா பரவாயில்லை. சில்லு வந்தா கழட்டியே ஆகணும். நேர் ரோட்டுலயும் ஊளைச் சத்தம்னா பேக்லாஷ் (கியர் பற்களுக்கு நடுவுல விடுற இடைவெளி) செட்டிங்கையோ பேரிங்கையோ சந்தேகப்படுங்க.

டிராக் பக்கமே போகாத வண்டிக்கு டோர்சன் மாதிரி, பிளேட்டுக்குப் பதிலா கியராலேயே வேலை செய்யுற எல்எஸ்டி வகையே போதும், 1994 மாடல்ல 1.8 லிட்டர் இன்ஜின் வந்தப்போ மாஸ்டாவே சில மாடல்களுக்கு அதைத்தான் கொடுத்தாங்க. தேயுற கிளட்ச் பிளேட் அதுல கிடையாது. ஆனா ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிட்டா சாதா டிஃப் கதைதான், அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுத்தும்.