பிரௌசரை மூடிய பிறகும் விளம்பரம் வருகிறதே, எப்படி நிறுத்துவது?
திரையின் வலது கீழ் மூலையில் விளம்பரம் வருகிறது, தேடல் பக்கமும் தானாக மாறிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

மூலையில் வருபவை, ஏதோ ஒரு தளத்தில் 'அனுமதி' பொத்தானை அழுத்தியதால் வரும் அறிவிப்புகளாக இருக்கலாம். குரோம் செட்டிங்ஸில் தள அமைப்புகளுக்குள் 'அறிவிப்புகள்' பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். 'வைரஸ் இருக்கிறது' என்று அதில் வந்தாலும் தயவுசெய்து கிளிக் செய்யாதீர்கள்.

தேடல் பக்கம் மாறியது வேறு கதை. அதை மாற்றிய நிரல், பிடிஎஃப் மாற்றி போன்ற இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்; நிறுவும்போது நாம் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்துவதே அதற்கு வழிவிடுகிறது. விண்டோஸின் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதை நீக்கிவிட்டு, குரோமில் சேர்க்கப்படும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள்; தெரியாதவற்றை நீக்குங்கள்.

அப்படியும் போகவில்லையா? மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் (AdwCleaner) என்ற விளம்பர நிரல் நீக்கியை அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டுங்கள், இலவசம்தான். கடைசியாக குரோமை ரீசெட் செய்யலாம். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அழியாது, பயம் வேண்டாம்.