சன்லைனின் இரண்டாவது டான்காஸ்டர்

ஐயா, வணக்கம்.

குதிரைப் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரையில் நியூசிலாந்துக் குதிரை சன்லைனை மிகவும் உயர்த்திப் பேசியிருந்தீர்கள். சின்ன லாயத்திலிருந்து எப்போதாவது ஒரு குதிரை இப்படி மேலே வருவது வெறும் அதிர்ஷ்டம்தானே? அதுவும் சன்லைன் முன்னாலேயே ஓடி ஜெயித்த குதிரை. யாரையும் துரத்திப் பிடிக்கும் கஷ்டம்கூட அதற்கு இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. தந்தை டெசர்ட் சன் பெரிதாகப் பேசப்பட்டதே இந்தக் குட்டிக்குப் பிறகுதான். ஆனால் 48 ஓட்டங்களில் 32 வெற்றி, அதில் 13 குரூப் ஒன் என்னும் மிக உயர்ந்த தரப் பந்தயங்கள் என்றால், அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முன்னால் ஓடுவது சுலபம் என்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு முழுதாக முரண்படுகிறேன். பின்னால் வரும் குதிரைக்கு முன்னால் ஓடுபவை காற்றுக்கு மறைவாகின்றன. அது தெம்பை மிச்சம் பிடித்துக் கடைசியில் பாயலாம். முன்னால் போகிற குதிரைக்கு அந்த மறைவு கிடையாது. ஜாக்கி கொஞ்சம் கூடுதலாக விட்டால் முடிவில் கால் ஓய்ந்துவிடும், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் பின்னால் இருப்பவை களைக்காமல் வந்து சேரும். சன்லைனும் அதன் ஜாக்கி கிரெக் சைல்ட்ஸும் இந்தக் கணக்கைப் பந்தயத்துக்குப் பந்தயம் சரியாகப் போட்டார்கள். மெல்போர்னின் காக்ஸ் பிளேட் பந்தயத்தை 1999-இல் ஜெயித்து, 2000-இல் ஏழு குதிரை நீள வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தது. அந்த டிசம்பரிலேயே ஹாங்காங் மைல் பந்தயத்தில், உள்ளூர்க் குதிரை ஃபேரி கிங் ப்ரான் மூக்கருகே வந்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது 2002-இன் டான்காஸ்டர். சிட்னி ராண்ட்விக்கில் 1600 மீட்டர். அது ஹாண்டிகேப் பந்தயம், அதாவது திறமை கூடக் கூடச் சுமையும் கூடும். 1999-இல் மூன்று வயதுக் குட்டியாக ஜெயித்த அதே பந்தயத்துக்கு, ஆறு வயதில் 58 கிலோ சுமையோடு வந்தது. கடைசியில் ஷோகன் லாட்ஜ் என்ற குதிரை பக்கத்திலேயே வந்து நெருக்கியது. துரத்தல் இல்லை என்றீர்களே, துரத்தப்படுவதை என்னவென்று சொல்வீர்கள்? சன்லைன் மசியவில்லை, ஜெயித்தது.

அப்புறம் அந்தச் சின்ன லாயம். ஆக்லாந்துக்குத் தெற்கே டாகனினியில் ட்ரெவர் மெக்கீயும் மகன் ஸ்டீபனும் நடத்தியது. பெரும்புகழ் பெற்ற பெண் குதிரையைக் குட்டி ஈனச் சீக்கிரமே ஒதுக்கிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அதில் பணம் இருக்கிறது, ஆபத்தும் குறைவு. சன்லைனோ ஏழு வயது வரை ஓடியது. அந்தத் துணிச்சலுக்காகவே மெக்கீகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதன் விலையையும் அவர்கள் கொடுத்தார்கள்: 2001-இல் மூன்றாவது காக்ஸ் பிளேட் நார்தர்லி என்ற குதிரையிடம் கைவிட்டுப் போனது.

அந்தத் தோல்வியின் பதிவு கிடைக்கும், பாருங்கள். கூடவே 2002 டான்காஸ்டரையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.