வரைபடத்தில் ஒரு வட்டம்

கேள்வி: நகரின் மையத்தில் தியேட்டர், உணவகங்கள், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் விளையாட்டு எல்லாம் சேர்ந்த பொழுதுபோக்கு வளாகம் கட்டுகிறோம். வரைபடத்தில் வாசல் முற்றம் இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் போட்டு, ‘சிற்பம்’ என்று எழுதித் தந்திருக்கிறார் ஆர்க்கிடெக்ட். செல்ஃபி எடுக்கிற மாதிரி பெரிதாக ஒன்று வேண்டும் என்கிறார் முதலாளி. பொறுப்பு என் தலையில். போட்டி வைக்கலாமா?

பதில்: போட்டி கிடக்கட்டும். முதலில் அந்த வட்டத்தை அழிக்கச் சொல்லுங்கள். அது இருக்கிறவரை, வருகிற கலைஞர் அதற்குள் அடங்குகிற பொருளைத்தான் யோசிப்பார். சிகாகோவில் 2004-இல் திறந்த கிரவுன் நீரூற்றைப் பாருங்கள். சிற்பி ஜௌமே பிளென்சாவின் படைப்பு. எதிரெதிரே 50 அடி உயரத்தில் இரண்டு கண்ணாடிச் செங்கல் கோபுரங்கள், நடுவே பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர். கோபுரங்களில் ஊர்க்காரர்கள் சுமார் 1,000 பேரின் முகங்கள் மாறி மாறி வரும். ஒரு முகம் மெல்ல உதட்டைக் குவிக்கும். பிள்ளைகள் கீழே ஓடிவந்து நிற்பார்கள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். தரைச் சரிவும் வடிகாலும் சேர்ந்ததுதான் அந்தக் கலை. முற்றத்துக்குக் கல் பதித்த பிறகு யாரைக் கூப்பிட்டும் பயனில்லை. அதனால் கலைஞரை இப்போதே தேடுங்கள்.

அவருக்குத் தரும் குறிப்பில் ‘பிரமாண்டம்’, ‘அடையாளச் சின்னம்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். மக்கள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள், எங்கே காத்து நிற்பார்கள், வெயில் எங்கே விழும் என்று எழுதுங்கள். நியூயார்க்கில் ஒரு அலுவலக முற்றத்தின் குறுக்கே 1981-இல் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 120 அடி நீளத்தில், 12 அடி உயரத்தில் ஓர் இரும்புச் சுவர் நிறுத்தினார். வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். புகார், விசாரணை, வழக்கு என்று இழுத்து 1989-இல் அறுத்து எடுத்துவிட்டார்கள். எனக்கு செர்ராவைப் பிடிக்கும். ஆனால் தினமும் சுற்றி நடந்தது நானில்லையே!

சரி, போட்டி. எல்லோரையும் அழைக்காமல் நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, மாதிரி செய்ய ஆளுக்கொரு தொகை கொடுங்கள். இலவசமாகக் கேட்டால் நல்ல கலைஞர்கள் வரமாட்டார்கள். ஜெயிக்காதவரின் யோசனையை எடுத்து இன்னொருவரிடம் செய்யச் சொல்வதும் கூடாது, அது திருட்டு.

முதலாளியின் செல்ஃபி ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிகாகோவிலேயே அனிஷ் கபூரின் கிளவுட் கேட்டை, அதாவது அவரை விதை வடிவத்தால் ‘பீன்’ என்று பெயர் வாங்கிய சிற்பத்தை, வந்தவர்கள் எல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள். பளபளக்கிற எவர்சில்வர் உடம்பில் கைரேகை அப்பிக்கொள்ளும். அதனால் அதன் கீழ்ப்பகுதியை ஆள் வைத்துத் தினமும் துடைக்கிறார்கள். அந்தத் துடைக்கிற ஆளின் சம்பளம் உங்கள் பட்ஜெட்டில் இருக்கிறதா? மான்செஸ்டரில் 2005-இல் திறந்த ‘பி ஆஃப் த பேங்’, முட்கள் சிலிர்த்து நிற்கிற மாதிரியான உலோகச் சிற்பம், 56 மீட்டர் உயரம். முட்கள் உதிரும் ஆபத்து வந்து 2009-இல் கழற்றினார்கள். வருடாவருடம் யார் ஏறிப் பார்ப்பது, விளக்கு கெட்டால் யார் மாற்றுவது, வளாகம் கைமாறினால் சிற்பம் யாருடையது, இடம் மாற்ற வேண்டுமானால் கலைஞரைக் கேட்க வேண்டுமா என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.