ஜெர்மனிக்கு இரண்டு வருடம் படிக்கப் போகிறேன், பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும்?

அக்டோபரில் எம்.எஸ். சேரப் போகிறேன், 46 கிலோவில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விசா கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டிக்குப் பிறகு வருகிறேன். அங்கே போய் இறங்கும் பிள்ளைகளை முதல் இரண்டு மாதம் அலைக்கழிப்பது ஒரே ஒரு கையெழுத்து. அதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

ஜெர்மனியில் வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்குப் பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் போதாது. "இவர் இந்தத் தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும். குறுகிய கால அறைகளையும் உள்வாடகை அறைகளையும் கொடுப்பவர்களில் பலர் இதைத் தர மாட்டார்கள். அதனால் முன்பணம் அனுப்பும் முன்னால், "ஆன்மெல்டுங் செய்யப் படிவம் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே சில வாரம் ஆகும். ஊரிலிருந்தே ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடுங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எவர் சொன்னாலும் அது மோசடி. அங்கேயே விட்டுவிடுங்கள்.

முகவரி பதிந்த பிறகுதான் மற்றதெல்லாம் நகரும். 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால் முதலாளி உச்சபட்ச வரி வகுப்பில் பிடித்தம் செய்வார். பிறகு திரும்ப வாங்கலாம், ஆனால் கையில் காசு தேவைப்படும் மாதத்தில் அது இருக்காது. தங்கும் அனுமதிக்கும் முகவரிப் பதிவுச் சான்று கேட்பார்கள். விசா முடியும் தேதிக்கு முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இனி தபால் பெட்டி. அங்கே அடுக்குமாடி முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். கீழே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு. தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஒரு கடிதம், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதம், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே இப்படித்தான் திரும்பும். சாவி வாங்கிய அன்றே பெயரை ஒட்டுங்கள். ஒட்ட அனுமதி இல்லாத உள்வாடகை அறையென்றால், முகவரியில் "கேர் ஆஃப்" போட்டுப் பெட்டியில் இருக்கும் பெயரை எழுதுங்கள்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திக், குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் செல்வராஜ் என்றால் அங்கே நீங்கள் திரு. செல்வராஜ்தான். கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். கார்த்திக் என்று மட்டும் ஒட்டினால் வராது. இனிஷியலோடு மட்டும் பாஸ்போர்ட் எடுத்து, குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் பல ஆன்லைன் படிவங்கள் அடுத்த பக்கத்துக்கே போகாது. விசாவுக்கு முன்னால் என்றால் இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்தலாம். விசா ஒட்டியாயிற்று என்றால் இப்போது கை வைக்காதீர்கள். டிக்கெட், வங்கி, பல்கலைக்கழகம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள்.

பணத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரிலிருந்து பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அதுவும் அங்கே நடப்புக் கணக்கு திறந்த பிறகு. முதல் மாதச் செலவு அதில் அடங்காது. வீட்டு முன்பணமே சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம் (மூன்று தவணையாகக் கட்டவும் சட்டம் இடம் தருகிறது, தயங்காமல் கேளுங்கள்). முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம், படுக்கை விரிப்பு, பயண அட்டை எல்லாம் சேர்த்துத் தனியாக 2,000 யூரோவாவது வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நோட்டாக 3,000 டாலர் மதிப்புக்கு மேல் கொண்டுபோக முடியாது. 300, 400 யூரோ நோட்டாகவும் மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும் இருக்கட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாறுகிற குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எல்லா ஏஜென்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலிவு என்று சொல்லித் தனியார் மருத்துவக் காப்பீட்டைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து சேர்க்கை நாள் வரை பயணக் காப்பீடு போதும். அதன்பிறகு 30 வயதுக்கு உட்பட்டவர்கள் மாணவர் கட்டணத்தில் பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். இது அதிகம் என்று நினைத்துப் பொதுக் காப்பீடு வேண்டாம் என விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது. இன்னொன்று, சான்றிதழ்களுக்கு அப்போஸ்தில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை) வாங்கித் தருகிறோம் என்று பணம் பிடுங்குவது. இந்தியா 2005இல் அப்போஸ்திலுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. இந்திய அப்போஸ்தில் அங்கே செல்லாது.

இப்போது பெட்டி. நெய், பால்கோவா, பால் பவுடர், உப்புக்கண்டம் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அதனால் பொடியாக எடுங்கள். கருவாடு தனிப்பட்ட உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகலாம், வாசனை வராமல் கட்டுவது உங்கள் பொறுப்பு. வீட்டில் அரைத்த பொடிகளில் என்ன பொடி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். குக்கர் மூன்று லிட்டர், எவர்சில்வர், இன்டக்‌ஷன் அடி உள்ளதாக இருக்கட்டும். அலுமினியக் குக்கர் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. அதோடு இரண்டு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. மிக்ஸிக்கு மின்னழுத்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று பின் பிளக்தான் அங்கே நுழையாது. எர்த் இணைப்பு உள்ள அடாப்டராக வாங்குங்கள், மலிவு அடாப்டர்களில் எர்த் இருக்காது. இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் போடக் கூடாத நேரம், மிக்ஸி ஓட்டினால் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து மூடி போட்டுத் தாளியுங்கள், கூரையில் புகை அலாரம் இருக்கும்.

கனமான ஜாக்கெட்டைச் சென்னையில் வாங்காதீர்கள், அங்கே வாங்குங்கள். தினசரி மருந்து மூன்று மாதத்துக்கு, மூலப்பெயர் எழுதிய சீட்டோடு. கண்ணாடி இரண்டு ஜோடி. பல் வேலையை இங்கேயே முடியுங்கள், கிரௌனுக்குப் பொதுக் காப்பீடு ஒரு பகுதிதான் தரும். உங்கள் இந்திய எண்ணில் ரோமிங்கைப் போவதற்கு முன்னாலேயே இயக்கி வையுங்கள், வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

இறங்கும் தேதியையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அது சனிக்கிழமையில் வந்துவிட்டால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கடை இல்லை, பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. ஒரு கிலோ அரிசி, பருப்புப்பொடி, ஒரு சின்னப் பாத்திரம், அடாப்டர் இவற்றைப் பெட்டியில் கைக்கு எட்டும்படி மேலாக வையுங்கள்.