பாராட்டும் வசவும்: பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்

என் மகளை ‘கெட்டிக்காரி’ என்று சொல்லியே வளர்த்தேன். இப்போது கஷ்டமான கணக்கு வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். ஏன்?

பட்டம் பறிபோய்விடுமோ என்ற பயம்தான் அம்மா. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில் இது அப்படியே இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களைப் போட்டதும், சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள். வேறு சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோருமே திணறினார்கள். அப்புறம் மறுபடி எளிய புதிர்கள். ‘புத்திசாலி’கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள், மற்றவர்கள் முன்னேறினார்கள். எடுத்த மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, ‘புத்திசாலி’களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள்!

அதனால் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். ‘மூன்றாவது வரியில் தப்பை நீயே பிடித்து அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாயே’ என்றால் போதும். அக்காவோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

எப்போதும் உழைப்பையே பாராட்டலாமா?

கூடாது. சுலபமாக முடித்த வேலைக்கு ‘ரொம்ப உழைத்தாய்’ என்றால் பிள்ளைக்கு அது ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்கும்.

மகனுக்குத் தன்னம்பிக்கை குறைவு. அவன் எது வரைந்தாலும் ‘அபாரம், அற்புதம்’ என்கிறேன்.

குறையுங்கள். தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளுக்கே பெரியவர்கள் இப்படி அள்ளி வீசுகிறார்கள். அதைக் கேட்டபின் அவர்கள் கடினமானதைத் தவிர்க்கிறார்கள் என்று எடி புரூமெல்மன் குழுவின் 2014 ஆய்வு காட்டியது. ‘இந்த நிழல் நன்றாக வந்திருக்கிறது’ என்றால் போதும். தம்பியின் படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

நான் ஆசிரியர். எங்களை ‘மக்கு’ என்று திட்டித்தான் படிக்க வைத்தார்கள். நாங்கள் கெட்டா போய்விட்டோம்?

கெட்டுப்போகாதவர் நீங்கள், அதனால் இங்கே கேட்கிறீர்கள். அதே வகுப்பில் ‘மக்கு’ என்பதை நம்பிப் படிப்பை விட்டவர் கேட்க வரமாட்டார், ஐயா.

அப்படியானால் தப்பையே சொல்லக்கூடாதா? கொஞ்சிக்கொண்டே இருக்க வேண்டுமா?

யார் கொஞ்சச் சொன்னது? தப்பைத் தப்பு என்றே சொல்லுங்கள். ‘இந்தப் பத்தியில் காரணம் சொல்லவில்லை’ என்றால் திருத்த ஓர் இடம் கிடைக்கிறது. ‘மக்கு’ என்றால் பிள்ளை எதைத் திருத்தும்? டேவிட் யேகர் குழு 2014-இல் வெளியிட்ட சோதனையில், ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் ஆசிரியர்கள் போட்ட திருத்தங்கள் அப்படியே இருந்தன. எல்லோருக்கும் ஒரு சீட்டு சேர்ந்தது, சிலருடைய சீட்டில் மட்டும் இப்படி இருந்தது: ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு குறிப்பு.’ அந்தச் சீட்டு கிடைத்த கறுப்பின மாணவர்களில் திருத்தி எழுதித் தந்தவர்கள் பல மடங்கு அதிகம். எதிர்பார்ப்பில் ஒரு துளியும் குறைக்கவில்லை, கவனியுங்கள். இதற்குமேல் வாதாட வேண்டுமென்றால், அடுத்த வாரம் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

மகனை ‘புத்திசாலி’ என்று பாராட்டலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆசிரியர் எல்லோர் முன்னாலும் திட்டியதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ‘நான் இருந்து என்ன பயன்’ என்கிறாள்.

இதற்கு இங்கே பதில் தேடாதீர்கள். இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். பள்ளியில் பேசுவது அப்புறம்.

‘அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்பது ஊக்கம்தானே?

இல்லை. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், ஒப்பிடாதீர்கள்.